நூலக வரியும் ஊரின் உரிமையும்

தமிழ்நாட்டில் சொத்து வரியோ வீட்டு வரியோ செலுத்தும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, பொது நூலகத்துக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறார்கள். அந்த வரியில் ரூபாய்க்கு 10 பைசா வீதம் உள்ளாட்சி அமைப்பு கூடுதலாக வசூலித்து, அந்தந்த மாவட்டத்தின் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். இந்தக் கூடுதல் தொகைக்கு நூலக வரி என்று பெயர். ஊராட்சி தரும் ரசீதில் வீட்டு வரிக்குக் கீழே இதற்கென்று தனியாக ஓர் இடம் உண்டு. 600 ரூபாய் வீட்டு வரி கட்டிய குடும்பத்தின் ரசீதில் அந்த இடத்தில் 60 என்று எழுதியிருக்கும். ரசீதை மடித்து ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்தும் குடும்பங்களில் எத்தனை குடும்பங்கள் அந்த 60 ரூபாய் எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டிருக்கும் என்பதில்தான் பொது நூலகங்களுக்கான மக்கள் ஆதரவு குறித்த எந்தப் பேச்சும் தொடங்க வேண்டும்.

ஆனால், அந்தப் பேச்சு பெரும்பாலும் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. நூலகத்துக்கு ஆதரவு என்றவுடன் வீட்டில் மிஞ்சிய புத்தகங்களைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது, நூலக வார விழாவில் பேச்சுப் போட்டி நடத்துவது, 1,000 ரூபாய் செலுத்திப் ‘புரவலர்’ ஆவது ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. புரவலர் என்பவர் கிளை நூலகத்துக்கு ஒரு தொகையை நன்கொடையாக அளித்து அதன் ஆதரவாளராகப் பதிவு செய்துகொள்பவர். இவர்களின் பெயர்கள் நுழைவாயிலுக்கு அருகே ஒரு பலகையில் வெள்ளை எழுத்தில் வரிசையாக எழுதப்பட்டிருப்பதைப் பல ஊர்களில் காணலாம். இந்த வழக்கத்தில் குறைகாண ஏதுமில்லை. எனினும், ஒருமுறை 1,000 ரூபாய் அளித்தவரின் பெயர் பலகையில் ஏற, இருபது ஆண்டுகளாக ஆண்டுதோறும் நூலக வரி கட்டிவரும் நெசவாளரும் பெட்டிக்கடைக்காரரும் அதே நூலகத்துக்குள் யாரோ நடத்தும் தர்ம காரியத்தின் பயனாளிகளைப் போலக் கூச்சத்தோடு நுழைகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. கொடைக்கு நன்றி சொல்லத் தெரிந்த ஊருக்கு வரிக்குக் கணக்கு கேட்கத் தெரியவில்லை.

இந்த வரி அரசு தானாக மனமிரங்கிக் கொண்டுவந்த ஏற்பாடு அன்று. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றி, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றபோது, அங்கே பொது நூலகம் என்பது அறிஞர்களுக்கான இடமாக மட்டுமில்லாமல் தெருவில் வாழும் அனைவருக்குமான வசதியாக இருப்பதைக் கண்டார். 1928-இல் உருவான சென்னை நூலகச் சங்கத்தில் அவர் முன்னணியில் நின்றார். அச்சங்கம் நூலகர்களின் தொழிற்சங்கமாகச் சுருங்காமல், வழக்குரைஞர்கள், ஆசிரியர்கள், பொதுவாழ்வில் இருந்தோர் எனப் பலரையும் ஒரே மேடையில் சேர்த்த அமைப்பாக இயங்கியது. 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை என்ற ஓய்வுபெற்ற பொறியாளர், மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுசெல்லும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கியதும், ரங்கநாதன் அதைத் தொடங்கிவைத்ததும் அந்த இயக்கத்தின் போக்கைக் காட்டுகின்றன. சட்டம் வருவதற்கு முன்பே, சட்டம் கேட்பதற்கான ஆட்களை அந்த வண்டி திரட்டிக்கொண்டிருந்தது.

1930-இல் காசியில் கூடிய கல்வி மாநாட்டில் ரங்கநாதன் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். அதன் அடிப்படையிலான மசோதாவை 1930-களில் பஷீர் அகமது சயீத் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. நாடு விடுதலை பெற்றபின், டி.எஸ்.அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்து, 1950-இல் நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. மாதிரிச் சட்டத்துக்கும் உண்மைச் சட்டத்துக்கும் இடையிலான அந்தப் பதினெட்டு ஆண்டுகளின் பேச்சும் எழுத்தும் நடையும்தான் இன்றைய வரி ரசீதின் அந்த ஒற்றைக் கட்டத்துக்குள் இருக்கின்றன. பின்வந்த தலைமுறைகள் சட்டத்தை மரபுரிமையாகப் பெற்றன. அதைக் கேட்டுப் பெற்ற பழக்கத்தைப் பெறவில்லை.

சட்டத்தின்படி, சென்னை மாநகருக்கு ஒன்றும் மாவட்டங்களுக்கு ஒவ்வொன்றும் என நூலக ஆணைக்குழுக்கள் அமைய வேண்டும். ஆணைக்குழு என்பது உறுப்பினர்கள் கூடி வரவு செலவைப் பேசி முடிவெடுக்கும் ஓர் அவை என்பதே கருத்து. ஆனால், பல மாவட்டங்களில் நீண்ட காலம் உறுப்பினர் இல்லாமல், பல பொறுப்புகளுக்கு நடுவே இதையும் சேர்த்துக் கவனிக்கும் தனி அலுவலரைக் கொண்டே இவை நடந்திருக்கின்றன. பணம் வரும் வழியும் சுற்றுவழி. வசூலிப்பது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி, செலவழிப்பது ஆணைக்குழு. தன் சாலைக்கும் தெருவிளக்குக்கும் பணம் போதாத உள்ளாட்சி அமைப்பு, கைக்கு வந்த நூலக வரியை உடனே அனுப்பாமல் நிலுவை வைப்பது ஏறத்தாழ வழக்கமாகவே ஆகிவிட்டது. நிலுவையை வசூலிக்க வேண்டும் என்ற கோரிக்கை நூலகத் துறை சார்ந்த கூட்டங்களில் தவறாமல் ஒலிக்கிறது. மக்கள் ஏற்கெனவே கட்டிவிட்ட பணம் இது. ஒரு நூலகத்துக்குப் புது அலமாரி இல்லையென்றால் அதை வாங்கித் தரப் புரவலரைத் தேடுவதற்கு முன், அலமாரிக்கான பணம் எந்தக் கணக்கில் தங்கியிருக்கிறது என்று தேடுவதே நியாயமான வரிசை.

நூலகம் ஓர் ஊரில் பிறக்கும் முறையிலேயே ஒரு முரண் இருக்கிறது. புதிதாக ஒரு பகுதி நேர நூலகமோ ஊர்ப்புற நூலகமோ வேண்டுமென்றால், வாடகையில்லாத கட்டடத்தை ஊரார் காட்ட வேண்டும். மேசை நாற்காலிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுப்பினர்களையும் சில புரவலர்களையும் சேர்த்துத் தர வேண்டும். யாரோ ஒருவர் தன் முன்திண்ணை அறையை ஒதுக்குகிறார். இளைஞர் மன்றத்தினர் வீடு வீடாகச் சென்று காப்புத் தொகை வசூலித்து உறுப்பினர் சேர்க்கிறார்கள். ஊரே கூடித் திறப்பு விழா நடத்துகிறது. அதன்பின் ஊருக்கு வேலையில்லை. எந்தப் புத்தகம் வாங்குவது, எத்தனை மணிக்குத் திறப்பது, நூலகர் மாற்றலாகிப் போனால் எப்போது அடுத்தவர் வருவார் என்பவை எல்லாம் வேறெங்கோ முடிவாகின்றன. பெற்றெடுக்கத் தேவைப்பட்ட ஊர், வளர்ப்பதற்குத் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்பவே ‘வாசகர் வட்டம்’ இருக்கிறது. ஒவ்வொரு நூலகத்தையும் சார்ந்து அதன் வாசகர்கள் சேர்ந்து அமைக்கும் குழு இது. தலைவர் உள்ளிட்ட பொறுப்பாளர்களைக் கொண்டது. ஆனால், பெரும்பாலான வாசகர் வட்டங்களின் ஆண்டுப் பணி, நூலக வார விழாவுக்குப் பந்தல், ஒலிபெருக்கி, பொன்னாடை ஆகியவற்றோடு முடிகிறது. தலைவர் பொறுப்பு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் பதினைந்து ஆண்டுகள் நிலைத்திருப்பதும், அவர் மறைந்தபின் வட்டமும் மறைவதும் புதிதல்ல. நூலகத்தின் ஆண்டு வரவு என்ன, அந்த ஊரிலிருந்து போன வரி என்ன, திரும்பி வந்தது என்ன என்பதை எடுத்து வாசித்த கூட்டம் ஒன்றைக் காண்பது அரிது. கவிதை வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசகர் வட்டங்களில் நிறையவே இருக்கிறார்கள். வரவு செலவை வாசிக்கத் தெரிந்த ஓரிருவர் சேர்ந்தால் நல்லது.

ஊரை ஒதுக்கிவைத்துக் கட்டடத்தை மட்டும் எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2006-க்குப் பிந்தைய அனுபவம் இருக்கிறது. அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், மாநிலத்தின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஐந்தாண்டுக்குள் ஊராட்சிக்கொரு நூலகக் கட்டடம் எழும்பியது. இந்தியாவில் வேறெங்கும் நினைத்துப் பார்க்கவே துணியாத அளவு அது. ஆனால், இவை பொது நூலகத் துறையின் கீழ் வராமல் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் அமைந்ததால், பயிற்சி பெற்ற நூலகரும் ஆண்டுதோறும் புதிய நூல் வரவும் இவற்றுக்கு வாய்க்கவில்லை. ஆட்சி மாறியபின் கேட்பாரற்றுப் போன இந்தக் கட்டடங்களில் பல பூட்டிக் கிடந்தன. சில ஊராட்சியின் தட்டுமுட்டுச் சாமான் அறைகளாயின. ஒரே நாளில் மூடப்பட்டிருந்தால் போராட்டம் நடந்திருக்கலாம். இவை அப்படி மூடப்படவில்லை. முதலில் நாளிதழ் நின்றது, பிறகு திறக்கும் நேரம் குறைந்தது, பிறகு சாவி வைத்திருப்பவர் யார் என்பதே ஊருக்கு மறந்துபோனது.

அறிவித்து மூட முயன்றபோது மக்கள் எழுந்ததற்கும் சான்று உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக 2011 நவம்பரில் அரசு அறிவித்த சில நாள்களிலேயே, எழுத்தாளர்களும் மாணவர்களும் வழக்குரைஞர்களும் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் பராமரிப்புக் குறைகளும் நீதிமன்றத்தின் முன் சென்றன. நீதிமன்றம் அமர்த்திய வழக்குரைஞர் ஆணையர்கள் நேரில் சென்று பார்வையிட்டு அறிக்கை அளித்தார்கள். நூலகம் நூலகமாகவே நின்றது. தமிழ்நாட்டில் பொது நூலகம் ஒன்றுக்காக நடந்த மிகப் பெரிய மக்கள் தலையீடு இதுவாகவே இருக்கலாம். ஆயினும், அந்த வெற்றியைக் கிளை நூலகங்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. ஒன்பது தளக் கட்டடத்துக்குத் தலைப்புச் செய்தி உண்டு. கூரை ஒழுகும் ஓர் ஊர்ப்புற நூலகத்துக்கு அது இல்லை. மாநிலத்தின் 4,600-க்கும் மேற்பட்ட நூலகங்கள் ஒவ்வொன்றுக்கும் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கவும் முடியாது.

அண்டை மாநிலமான கேரளத்தின் வழி வேறு. 1945-இல் அம்பலப்புழையில் பி.என்.பணிக்கரின் முயற்சியால் 47 நூலகங்கள் கூடித் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை, அதாவது நூலகச் சங்கத்தை, அமைத்தன. அங்கே ஒவ்வொரு நூலகமும் அந்தந்த ஊரார் உறுப்பினராகச் சேர்ந்து, சந்தா கட்டி, தங்களுக்குள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்து நடத்தும் அமைப்பு. அரசு தருவது உதவித் தொகை. 1977-இல் சங்கத்தின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1989-இல் வந்த சட்டம், நூலகங்களிலிருந்து தேர்தல் மூலம் அமையும் மாநில நூலகக் கவுன்சிலிடம் பொறுப்பை ஒப்படைத்தது. இதில் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. மலபார் பகுதி பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது என்பதால், 1948-ஆம் ஆண்டுச் சட்டமே அங்கே தொடர்ந்து செல்லுபடியாகி வந்தது. 1989-இல் கேரளம் மலபாரின் வரியையும் திருவிதாங்கூரின் தேர்தலையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது எனலாம். தமிழ்நாட்டிடம் வரி மட்டும் மிஞ்சியது. அதுவும் கேரளத்தின் விகிதத்தைவிடக் கூடுதலான வரி.

கேரள முறையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்துவிடலாம் என்பது பொருளன்று. அங்கே நூலகத் தேர்தல்களில் கட்சிகளின் கை ஓங்கியிருக்கிறது என்ற குறை நெடுநாளாக உண்டு. நல்ல கட்டடமும் ஆளில்லாத வாசக அறையும் அங்கும் சேர்ந்தே இருக்கின்றன. தமிழ்நாட்டு முறைக்கும் அதற்கேயுரிய வலிமை உண்டு. சம்பளம் பெறும் நூலகர், மாநிலம் முழுவதும் ஒரே பட்டியல், ஊரில் பணக்காரர் இல்லையென்றாலும் நூலகம் நடக்கும் என்ற உறுதி ஆகியவை எளிதாக விட்டுக்கொடுக்கத் தக்கவை அல்ல. அரசு நடத்த, ஊர் கண்காணிக்கும் ஏற்பாடே இங்கே பொருந்தும்.

ஊர் சேர்ந்து எழுப்பிய தமிழ் நூலகத்துக்கு யாழ்ப்பாணத்தை விட்டு வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. 1933-இல் க.மு.செல்லப்பா தம் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அந்த முயற்சி வாடகை அறைக்கும், பின்னர் நகர நிர்வாகத்தின் பொறுப்புக்கும் வளர்ந்தது. புதிய கட்டடத்துக்காகக் களியாட்ட விழாவும் அதிர்ஷ்டச் சீட்டும் நடத்தி நிதி திரட்டினார்கள். ரங்கநாதனின் ஆலோசனை பெறப்பட்டது. சென்னையின் கட்டடக் கலைஞர் வி.எம்.நரசிம்மன் வரைபடம் தந்தார். 1959-இல் கட்டடம் திறக்கப்பட்டது. 1981 ஜூன் 1-ஆம் நாளை ஒட்டிய இரவில் அது எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்த இழப்பு யாழ்ப்பாணத்தாருக்கு ஓர் அரசு அலுவலகத்தின் இழப்பாக இல்லாமல் வீட்டுச் சாவாக இருந்ததற்கு, நூல்களின் அருமை ஒரு காரணம். சீட்டு வாங்கிக் கட்டிய கட்டடம் என்ற நினைவு இன்னொரு காரணம்.

ஆதரவு என்ற பெயரில் ஊரின் உழைப்பை மட்டும் வாங்கிக்கொள்வதில் உள்ள ஆபத்தை இங்கிலாந்து காட்டுகிறது. 2010-க்குப் பிறகு உள்ளாட்சி நிதி வெட்டப்பட்டபோது, அங்கே நூற்றுக்கணக்கான கிளை நூலகங்கள் மூடப்பட்டன. மூடாமல் தப்பியவற்றில் பல, ‘சமுதாய நூலகம்’ என்ற பெயரில் தன்னார்வலர்களிடம் விடப்பட்டன. மூடுவதைத் தடுக்கத் திரண்ட மக்களிடமே சாவியைக் கொடுத்து, சம்பளம் பெற்ற நூலகரை வீட்டுக்கு அனுப்பும் வழி அது. தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய ‘நூலக நண்பர்கள்’ திட்டம், நூலகத்துக்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோரின் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுசெல்லும் நல்ல திட்டம். அது நூலகரின் பணிக்குத் துணையாக இருக்கும்வரை வரவேற்கத்தக்கது. காலிப் பணியிடத்துக்கு மாற்றாக ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் வாசகர் வட்டத்தின் வேலைதான். ஊர்ப்புற நூலகர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கையில் எத்தனை வாசகர் வட்டங்கள் உடன் நின்றன என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

வாசகர் யார் என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். எந்த ஊர்க் கிளை நூலகத்திலும் காலையில் கதவு திறந்தவுடன் நாளிதழ் மேசையை நிரப்புவோர் முதியவர்கள். ஒரே நாளிதழின் நான்கு தாள்கள் நான்கு கைகளில் இருக்கும். சற்று நேரத்தில், தோளில் பையோடும் தண்ணீர் பாட்டிலோடும் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் வந்து மின்விசிறிக்குக் கீழுள்ள நாற்காலிகளைப் பிடிக்கிறார்கள். அவர்கள் படிப்பது பெரும்பாலும் தாங்களே கொண்டுவந்த புத்தகங்களை. நூலகத்திடம் அவர்கள் பெறுவது இடமும் அமைதியும் வெளிச்சமும். இவர்களை வாசகராகவே எண்ணாத பழைய வாசகர் வட்டத்தினர் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால், வருகைப் பதிவேட்டின் பக்கங்களை நிரப்புவது இவர்களின் கையெழுத்தே. திறக்கும் நேரம், கழிப்பறை, மின்வெட்டு எதுவானாலும் முதலில் பாதிக்கப்படுவதும் இவர்களே. மனு எழுதவும், அரசாணையைத் தேடி எடுக்கவும், அரசியலமைப்பின் பிரிவுகளைச் சொல்லவும் ஊரில் வேறெவரையும்விடப் பழகியவர்களும் இவர்கள்தாம். கழிப்பறையும் மாலையில் பாதுகாப்பான வெளிச்சமும் இல்லாத நூலகத்தில் பெண்களின் கையெழுத்து அந்தப் பதிவேட்டில் எவ்வளவு குறைவு என்பதையும் இவர்களே எண்ணிச் சொல்லிவிட முடியும்.

இத்தகையோர் நால்வர் சேர்ந்தால், தேவையான கருவிகள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. தங்கள் ஊராட்சியோ நகராட்சியோ எவ்வளவு நூலக வரி வசூலித்தது, எவ்வளவு செலுத்தியது, எவ்வளவு நிலுவை என்று உள்ளாட்சி அமைப்பிடமும் ஆணைக்குழுவிடமும் தனித்தனியே கேட்டு, இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டு எண்களும் பொருந்தாதபோது, கேள்வி கேட்க வேறு காரணமே தேவைப்படாது. நூல் கொள்முதலில் தங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று உழவர், தையற்காரர், பள்ளி மாணவர் ஆகியோரிடம் கேட்டுப் பட்டியல் எழுதி நூலகரின் வழியாக அனுப்பலாம். விற்காத நூல்கள் வந்து குவிகின்றன என்று ஆண்டு முழுவதும் குறைசொல்வதைவிட அது பயன் தரும். நல்ல நூலகர் இதை எதிர்க்கமாட்டார். மேலதிகாரிக்குத் தாம் எழுதினால் வேண்டுகோளாக நிற்கும் கடிதம், ஊர் எழுதினால் பதில் சொல்லியாக வேண்டிய கடிதமாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கிராம சபை இருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் உறுப்பினராக உள்ள இந்த அவை, குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடிநீரும் சாலையும் நூறு நாள் வேலையும் பேசப்படும் அதே பாயில், நூலக வரியையும் ஒரு பொருளாகச் சேர்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். கேட்க வேண்டியவை சிலவே: சென்ற ஆண்டு இந்த ஊராட்சியில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் ஆணைக்குழுவுக்குச் சென்றது எவ்வளவு, எந்தத் தேதியில். முதல் கேள்விக்கு ஊராட்சித் தலைவர் வாய்மொழியாகவே ஒரு தொகையைச் சொல்லிவிடலாம். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல, ஊராட்சிச் செயலர் அலுவலகத்துக்குப் போய் ரொக்கப் பதிவேட்டை எடுத்து வந்து, கூட்டத்தின் நடுவே வைத்துப் பிரித்தாக வேண்டும்.